ஒரே சாய்வில் எடுக்க வேண்டிய படம்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து இழுத்தது.

சனிக்கிழமை மதியம். அம்மா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் அறையின் மறுகோடியில் கதவோடு ஒட்டி நின்றேன். நடுவில் சாம்பல் நிறத்தில் கெட்டித் துணி. வெட்டுவதற்கு முன் துணியை இழுத்து நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கோணிக்கொள்ளும் என்பாள்.

"இழுடி. சோறு போட்டுத்தானே வளர்த்தேன்?"

"கிழிஞ்சுடப் போகுதும்மா."

"கிழியிற துணியை நான் எடுப்பேனா?"

அந்தத் துணி என் வேலையிடத்துக்கானது. நான் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படம் எடுப்பது என் வேலை. அதைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. அங்கே நோயாளிகள் உடை மாற்றும் சிறு அறைக்குக் கதவு கிடையாது. ஒரு திரை தொங்கும். அது முழங்கால் வரைதான் எட்டும். ஐந்து வருடம் அதன் முன்னால் நடந்தும் என் கண்ணில் அது பட்டதில்லை. அம்மா நோயாளியாக வந்த முதல் நாளே பார்த்துவிட்டாள்.

"உள்ள நிக்கிறவங்களுக்கு மானம் முட்டி வரைக்கும்தானா? எந்தப் புண்ணியவான் அளவு எடுத்தான்?"

அன்றே கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து குறித்துக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து, இந்தச் சனிக்கிழமைதான் துணி வந்தது. நேராக்கி, வெட்டி முடித்தோம். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் கண்ணு, மனுஷங்களுக்கு ரெண்டு காலும் ஒரே அளவா இருக்குமா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். டேப்பு கையில இருந்துச்சேன்னு அளந்தேன். வலது கெண்டைக்கால் ஒன்னேகால் அங்குலம் கூட இருக்கு."

"எதுக்கு, காலுக்குத் திரை போடப் போறியா?"

இருவரும் சிரித்தோம். ஏழு வாரம் படுக்கையில் இருந்தவளுக்குக் கால் வீங்கத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு, நான் டீ போடப் போனேன்.

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பில்தான் வந்து நிற்கிறது. அதனால் அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

*

அம்மா திரைக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இருக்கும் கடை. அதற்கு முன் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் காஜா எடுத்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு பொத்தான் ஓட்டை. அப்பா நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இறந்தார். அதற்குப் பிறகு அவளும் நானும்தான்.

கடையில் அவளுக்கு அளவெடுக்கும் வேலை. வீடுவீடாகப் போய் ஏணியில் ஏறி ஜன்னலை அளப்பாள். எந்த ஜன்னலும் நேராக இருக்காது என்பது அவள் கட்சி. அதனால் உயரத்தை மூன்று இடத்தில் அளப்பாள்: இடது, நடு, வலது. மூன்றையும் நோட்டில் எழுதுவாள். "ஒரு தடவை அளந்தவன் பேச்சை நம்பாதே" என்று வாடிக்கையாளரிடமே சொல்வாள்.

அவள் எடுத்து வந்த அளவுக்குத் துணி வெட்டுபவள் கத்தரி. இயற்பெயரைக் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மாவைவிட ஆறு வயது இளையவள். நான் சித்தி என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

"அக்கா, உங்க ஏழு பாக்க ஒண்ணு மாதிரி இருக்கு. எத்தனை துணியைக் குட்டையா வெட்டி வெச்சிருக்கேன் தெரியுமா?"

"உன் கண்ணுல கோளாறை வெச்சுக்கிட்டு என் கைமேல பழி போடாதே."

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல செய்தியில் கொஞ்சம் துணி விட்டு வைப்பாள், கெட்ட செய்தியை மடித்துத் தைப்பாள். செவ்வாய்க்கிழமை தயாராகும் திரையை வாடிக்கையாளரிடம் வியாழக்கிழமை என்பாள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலை லேசான சூடு என்பாள். நான் அவளோடு முப்பத்தைந்து வருடம் இருந்தேன். எனக்கு இது தெரியாதது இல்லை.

மூன்று வருடம் முன்பு அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் சொன்னதில்லை. 'அது' என்போம். இடுப்புக்கு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சும், கூடவே கீமோ மருந்தும் கொடுத்தார்கள். அவள் தினமும் காலையில் கிளம்பும்போது, "வெயில் காயப் போயிட்டு வரேன்" என்பாள். அது போய்விட்டது. இரண்டு வருடம் சோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தன. முடி திரும்ப அடர்த்தியாகிவிட்டது. ஏணியில் முன்புபோல ஏறினாள்.

பிறகு ஒரு நாள், ஷூ போடக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இடுப்புல யாரோ கூப்பிட்டாங்க."

*

இரண்டு வாரம் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அந்த இடத்தில் மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாது, குடல் காற்று மறைத்துவிடும். 'அது' திரும்பி வந்திருந்தாலும் ஆரம்பத்தில் தெரியாது. எனக்குப் பயம் அதைப் பற்றித்தான்.

வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டேன்.

"நாலு."

மூன்று வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எங்கள் பிரிவில் எழுதாத விதி ஒன்று உண்டு: சொந்தக்காரர் மேஜையில் படுத்திருந்தால் இயந்திரத்தை இயக்கும் கன்சோலில் நாம் உட்காரக் கூடாது. கை தவறும், கண் தேடும். அன்று படம் எடுத்தது என் சக டெக்னீஷியன். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

முதுகெலும்பின் அடியில், இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி ஒரு முக்கோண எலும்பு இருக்கிறது. உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் அதில் இறங்கித்தான் கால்களுக்குப் போகும். அதன் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது.

அந்தப் படத்தில் வெள்ளை என்றால் எலும்புக்குள் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். விரிசல் விட்டாலும் நீர் கோக்கும். அது திரும்பி வந்தாலும் நீர் கோக்கும். எட்டு வருடத்தில் இரண்டையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பாதங்கள் மேஜை முனையில் அசையாமல் இருந்தன. அசையக் கூடாது என்றால் அவள் அசையமாட்டாள். அவற்றைப் பார்க்க முடியாமல் கணினித் திரையைப் பார்த்தேன். திரையையும் பார்க்க முடியவில்லை.

படம் படிக்கும் டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பழைய படம்'. எந்தப் புதுப் படத்தையும் தனியாகத் திறக்கமாட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "பழைய படம் எங்க?" என்பார். பழையது இல்லை என்றால் அவர் முகம் சாப்பாட்டில் உப்பு இல்லாத மாதிரி ஆகிவிடும். அம்மாவின் மூன்று வருடப் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார்.

"இங்க வாங்க. வெள்ளைக்கு நடுவுல ஒரு கறுப்புக் கோடு தெரியுதா? முடி மாதிரி."

தெரிந்தது.

"அதுதான் விரிசல். கதிர் பட்ட எலும்பு உள்ளே சத்து செத்துப் போயிருக்கும். விழ வேண்டாம், அடிபட வேண்டாம். நடந்தாலே போதும், சொந்த எடையே அதுக்குச் சுமை. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, டாக்டர்?"

"ஒரு படத்தை வெச்சு நான் எப்பவும் நினைக்கத்தான் செய்வேன். மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. விரிசல்னா ஆறும். கேன்சரா இருந்தா வளரும். காலம்தான் சொல்லும்."

அந்த மூன்று மாதம் எதுவும் தூக்கக் கூடாது, ஏறக் கூடாது, கையில் தடி. அம்மா தடியை ஒரு வாரம் பயன்படுத்தினாள். பிறகு அதை ஜன்னலின் மேல் விளிம்பைக் காட்டப் பயன்படுத்தினாள். ஏணியில் கத்தரிச் சித்தி ஏற, அம்மா கீழே நின்று சுட்டிக்காட்டினாள்.

"இடது பக்கம் அளந்தியா? நடுவுல? வலது?"

"அக்கா, இந்த ஜன்னல் நேராத்தான் இருக்கு."

"நேரா இருக்கிற ஜன்னலை நீ பாத்தா எனக்கு ஒரு போன் பண்ணு."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வலி எவ்வளவு என்று கேட்டேன். நாலு. நாலு. மூணு. மூணு. ரெண்டு. எனக்கு அந்த எண்கள் மூச்சுவிட இடம் கொடுத்தன. கேட்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எண்ணைத்தான் கேட்டுக்கொண்டேன்.

*

மூன்று மாதம் முடிந்த அன்று சக டெக்னீஷியன் விடுப்பில் இருந்தார். மறுநாள் வரச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள்தான். என்னால் அந்த ஒரு நாளைக் கடக்க முடியாது என்று தோன்றியது. நானே அம்மாவை மேஜையில் படுக்கவைத்தேன். நானே கன்சோலில் உட்கார்ந்தேன்.

அந்த முக்கோண எலும்பு உடம்பில் நேராக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கும். அதன் சாய்வோடு சாய்த்துப் படத்தை வெட்டினால்தான் விரிசல் முழு நீளத்துக்குத் தெரியும். முதல் முறை அப்படித்தான் எடுத்திருந்தார்கள். நான் வழக்கமான இடுப்புப் படத்துக்குப் போடுவதுபோல நேராக வெட்டுக்கோடு போட்டேன். தினமும் பத்துப் பேருக்குப் போடும் கோடு. கை தானாகப் போட்டது. மனம் வேறெங்கோ மன்றாடிக்கொண்டிருந்தது.

படம் வந்தது. வெள்ளைத் திட்டு பாதியாகியிருந்தது. கறுப்புக் கோடு நகத்தளவுதான்.

டாக்டர் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதும் விதிதான். நான் உள்ளே ஓடி, மேஜை முழுவதும் வெளியே வருவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அம்மா, குறைஞ்சிருக்கு. ஆறிட்டு வருது."

அம்மா படுத்தபடியே மேலே பார்த்தாள். காதடைப்பானை எடுத்துவிட்டு, "என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள், சின்னக் குழந்தையைக் கிள்ளுவது மாதிரி, வலிக்க.

மறுநாள் மதியம் பழைய படம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் இருந்தன. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது ரெண்டும் ஒரே சாய்வுல இல்லையே. நீங்களா எடுத்தீங்க?"

திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என் கோடு விரிசலை நடுவில் குறுக்கே வெட்டியிருந்தது. குறைந்தது விரிசல் இல்லை. நான் காட்டிய துண்டுதான் சிறியது.

"வலது பக்கம் பாதி எலும்பு உங்க படத்துக்குள்ளேயே வரலை. அங்க என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கே திரும்ப எடுக்கணும். அம்மா வீட்லதானே இருக்காங்க?"

அம்மாவின் எண்ணுக்குப் போன் செய்தேன். கத்தரிச் சித்தி எடுத்தாள். பின்னால் ஏதோ வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம்.

"சொல்லு கண்ணு."

"அம்மா எங்க சித்தி?"

"மேல இருக்காங்க."

"மேலன்னா?"

"ஏணி மேலடி. ஆறிடுச்சுன்னு நீ சொன்னியாமே? காலையிலிருந்து கால் தரையில நிக்கல. இது மூணாவது வீடு. இரு, குடுக்குறேன். அக்கா! உங்க பொண்ணு..."

"குடுக்காத சித்தி. கூப்பிடாத. மெதுவா ஏணியைப் பிடி. பிடிச்சியா? இப்போ இறங்கச் சொல்லு. ஒவ்வொரு படியா."

சித்தி போனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு மிக்ஸி நின்றது. ஏணிப் படிகள் ஒவ்வொன்றாக முனகுவது கேட்டது. எண்ணினேன். ஆறு. ஆறாவதுக்குப் பிறகு அம்மாவின் குரல்.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

*

அன்று மாலை நாலு மணிக்குத் திரும்ப எடுத்தோம். சக டெக்னீஷியனை வீட்டிலிருந்து வரவழைத்தேன். நான் வெளியே அந்தக் குட்டைத் திரைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும் முன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். சாய்வு, கோடு எல்லாவற்றையும். அவள் கவனமாகக் கேட்டாள்.

"டேப்பைச் சாய்ச்சுப் பிடிச்சுட்டே."

"ஆமாம்மா."

"எனக்கும் முதல் வருஷம் நடந்திருக்கு. பதினாறு ஜன்னல்." என் தலையைத் தட்டினாள். "அழாதே. அதுக்கப்புறம்தான் மூணு தடவை அளக்க ஆரம்பிச்சேன்."

படத்தில் இப்போது மூன்று இடத்தில் வெள்ளை. இடது ஓரத்தில் பழையது, சற்றும் குறையாமல். வலது ஓரத்தில் புதிது. முன்பக்கம், தொடை சேரும் எலும்பில் இன்னொன்று. ஏணியால் வந்தவையா, அல்லது முன்பே இருந்து என் கோட்டுக்கு வெளியே தப்பியவையா? எந்தப் படமும் அதைச் சொல்லாது. இன்றுவரை எனக்குத் தெரியாது.

புற்றுநோய் டாக்டர் கண்டிப்பான பெண்மணி. மூன்று இடம் என்றதும் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு இடம்னா விரிசல்னு விடலாம். மூணு இடம்னா நான் சும்மா இருக்க முடியாது. ஊசி போட்டு எலும்பை எடுத்துப் பார்த்துடலாம்."

பழைய படம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கதிர் பட்ட எலும்பில் ஓட்டை போட்டால் அது சுலபமாக ஆறாது, சீழ் பிடிக்கலாம் என்றார். முதலில் சி.டி. எடுத்தார்கள். அதில் விரிசல் கோடுகளே தெளிவாகத் தெரியும். வலதில் கோடு இருந்தது. முன்பக்கம் கோடு இருந்தது. இடதில், பழைய கோட்டுக்குக் கீழே சுண்டைக்காய் அளவு ஓர் இடத்தில் மட்டும் கோடு எதுவும் இல்லை. அங்கே எலும்பு மங்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஆறு வாரம் பொறுக்கலாம்," என்றார் பழைய படம். "முழு ஓய்வு. கழிப்பறைக்கு மட்டும் எழுந்திருக்கலாம். அந்த ஒரு இடம் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்."

புற்றுநோய் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இரண்டு டாக்டர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த ஊசி எவ்வளவு நீளம்?" என்றாள். சொன்னார்கள். "அப்போ பொறுக்கலாம்" என்றாள்.

அந்த ஆறு வாரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் வேலைக்குப் போனேன். மேஜையில் படுக்கும் ஒவ்வொருவரின் இடுப்பும் எனக்கு அம்மாவின் இடுப்பாகத் தெரிந்தது. வெள்ளைத் திட்டோடு யாராவது வந்தால் அவர்கள் வயதைப் பார்த்தேன், எத்தனை திட்டு என்று எண்ணினேன், பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கோப்பில் தேடினேன். தேடக் கூடாது. தேடினேன். அம்மாவின் சி.டி.யைத் திறந்து அந்தச் சுண்டைக்காயைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். ஒரு கோடு கண்டுபிடித்தேன். அடுத்த நாள் அந்தக் கோட்டைக் காணவில்லை.

ஒரு நாள் பழைய படம் என் பின்னால் வந்து நின்றார். படத்தை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்பது கணினியில் பதிவாகும்.

"நாற்பத்தொரு தடவை திறந்திருக்கீங்க."

"மன்னிச்சுக்குங்க டாக்டர்."

"நான் பத்தொன்பது." அவர் அப்படியே போய்விட்டார்.

வீட்டில் அம்மா படுத்திருந்தாள். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லியிருந்தார்கள். "மிஷின் மிதிக்கிற மாதிரிதானே?" என்று ஆட்டுவாள். ஆட்டினேன் என்று சொல்வாள். கத்தரிச் சித்தி மதிய இடைவேளையில் வந்து கடைக் கதை சொல்வாள். அம்மாவுக்குப் பதிலாக அளவெடுக்கச் சேர்ந்த புது ஆள் ஒரு கல்யாண மண்டபத்துத் திரை முழுவதையும் அரை அடி நீளமாக எடுத்துவிட்டதைச் சொன்னபோது, அம்மா மகிழ்ச்சியில் தலையணையைக் கட்டிக்கொண்டாள். சித்தி கிளம்பியதும் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கும். அப்போது என்னைக் கேட்பாள்.

"அதுதானா, கண்ணு?"

"தெரியலம்மா."

"தெரிஞ்சா மறைக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"நான் மறைப்பேன்," என்றாள் ஒரு நாள். நான் அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

*

ஆறு வாரம் முடிந்த வியாழக்கிழமை சி.டி. ஒரே சாய்வு. வெட்டுகளுக்கு ஒரே கனம். முதல் சி.டி.யில் இருந்த அதே எண்களை சக டெக்னீஷியன் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட்டார்.

மூன்று விரிசல்களின் ஓரங்களும் வெளுத்திருந்தன. சி.டி.யில் அந்த வெளுப்பு நல்லது. எலும்பு தன்னைத் தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும்போது வரும் நிறம். சுண்டைக்காய் இருந்த இடத்தில், கீழிருந்து மேலே, ஒரு கோடு. அதன் ஓரமும் வெளுத்திருந்தது. மறைந்திருந்த விரிசல், அவ்வளவுதான்.

பழைய படம் மூன்று முறை படங்களை மேலும் கீழும் உருட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

"வரலை," என்றார். "அது வரலை."

அவர் வாயில் 'அது' என்ற சொல்லைக் கேட்டது அதுதான் முதல் முறை.

அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை டாக்டர் சொன்ன பிறகு. அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அப்போ எப்ப ஏணி ஏறலாம்?" என்றாள்.

"இன்னும் ஒரு மாசம் படுத்திரு."

"சரி. அதுக்குள்ள உங்க ஆபீஸ் மானத்தைத் தைச்சுடறேன். கத்தரிகிட்ட துணி அனுப்பச் சொல்லு. கொக்கி மட்டும் நானே போய் வாங்குவேன். அவளுக்குத் துருப்பிடிக்காத கொக்கி எதுன்னு தெரியாது."

சனிக்கிழமை துணியை இழுத்தோம். சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை மடிப்பு தைத்து முடித்தாள். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, மாடிப்படி ஏறாமலேயே மூச்சு வாங்குகிறது என்று சொன்னாள். வெளியே புழுக்கமாக இருந்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனேன்.

பத்தரைக்குச் சித்தி போன் செய்தாள். அன்று அவளுக்குக் கடை விடுமுறை. அம்மாவுக்குத் துணையாக வந்திருந்தாள்.

"அக்கா எழுந்து பாத்ரூம் போனாங்க. வந்து உக்காந்தாங்க. நெஞ்சைப் பிடிச்சாங்க. கண்ணு, கூப்பிட்டா திரும்பலடி. கூப்பிட்டா திரும்பல."

நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

*

வலது காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகி, அது கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு வருவது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது அதன் அடையாளம். இரண்டும் வீங்கினால் வேறு. ஒன்று மட்டும் வீங்கினால் அதே நாள் மருத்துவமனை. இதை நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன்.

பழைய படத்திடம் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒன்னேகால் அங்குலம் என்று அவள் சொன்னதையும், நான் சொன்ன பதிலையும். அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் இடுப்பைத்தான் பார்த்தேன்," என்றார். "வியாழக்கிழமை அவங்க என் எதிர்லதான் சக்கர நாற்காலியில உக்காந்திருந்தாங்க."

அம்மாவின் அளவு நோட்டுகளைச் சித்தி கடையிலிருந்து கொண்டு வந்து கொடுத்தாள். கடைசி நோட்டு அம்மாவின் தலையணைக்கடியில் இருந்தது. வீட்டு எண், ஜன்னல், இடது, நடு, வலது. நடுவில் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு ஞாயிற்றுக்கிழமைகள். அவள் என்னிடம் நாலு என்ற நாளில் ஆறு. மூணு என்ற நாளில் ஐந்து. ரெண்டு என்ற நாளில், நான் நேராகக் கோடு போட்டுப் படம் எடுத்ததற்கு முந்தைய ஞாயிறு, ஏழு. ஏணியில் ஏறியது அந்த ஏழோடு. நான் ஆறிவிட்டது என்று சொன்னதால், வலியைப் பொய் என்று நினைத்து ஏறியிருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் கால் அளவு. வெள்ளி: வலது அரை அங்குலம் கூட. சனி: ஒன்னேகால். ஞாயிறு: ஒன்றே முக்கால். மூன்று முறை அளந்திருக்கிறாள், ஜன்னல் மாதிரி. வெள்ளி, சனி, ஞாயிறு, ஒரே டேப், ஒரே இடம். முழங்காலுக்குக் கீழே எத்தனை விரல் என்றுகூட எழுதியிருந்தாள். எங்கள் பிரிவில் எடுத்த எந்தத் தொடர் படமும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அந்த ஏழு ஒன்றைப்போலத்தான் இருந்தது. சித்தி சொன்னது உண்மை.

திரை என் அலமாரியில் மடித்து இருக்கிறது. அதில் குண்டூசியால் ஒரு சீட்டு: 'உடை மாற்றும் ரூம். அகலம் 54. உயரம் 78. கொக்கி 14, துருப்பிடிக்காதது. நானே வாங்கணும்.'

கொக்கி விற்கும் இரும்புக் கடை மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. தினமும் தாண்டித்தான் போகிறேன். பழைய திரை இன்னும் முழங்காலோடு நிற்கிறது. உள்ளே யாராவது உடை மாற்றும்போது கீழே இரண்டு கெண்டைக்கால்கள் தெரிகின்றன. இரண்டும் ஒரே அளவா என்று குனிந்து பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் அவர்களை உள்ளே அழைக்கிறேன்.

கொக்கி பதினாலு. இன்னும் வாங்கவில்லை.